நடையை விடுங்கள், நடந்ததை எடுங்கள்

எட்டு வருடம் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிஃப்ட் வேலை பார்த்தேன். அந்தக் காலத்தில் ஒரு கதை எழுதினேன். அதில் ஒரு வீட்டுத் திண்ணை, வெற்றிலைச் செல்லம், மூலையில் தம்பூரா, வாசலில் இறங்கினால் காவிரி. மூன்று மாதம் தி. ஜானகிராமனை மட்டுமே படித்துக்கொண்டிருந்ததன் விளைவு அது. நைட் முடிந்து வீடு திரும்பும்போது, கம்பெனி பஸ்ஸில் பக்கத்து சீட்டில் வரும் தம்பியிடம் படிக்கக் கொடுத்தேன். அவர் ஃபிட்டர். கவரைப்பேட்டை வரும்வரை பொறுமையாகப் படித்தார்.

“நல்லாத்தாண்ணா கீது. ஆனா நம்மூர்ல ஏதுண்ணா காவேரி? நீ அந்தத் தண்ணில கால வெச்சிருக்கியா?”

வைத்ததில்லை. திருச்சிக்கு ரயிலில் போனபோது பாலத்தின் மேலிருந்து பார்த்ததோடு சரி. நான் ஆரணிக்காரன். ஆரணி என்றதும் பட்டுப்புடவை விலை கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அது திருவண்ணாமலை மாவட்டத்து ஆரணி. எங்களுடையது திருவள்ளூர் மாவட்டத்தில், பெரியபாளையத்துக்கும் பொன்னேரிக்கும் நடுவே, ஆரணியாற்றின் கரையில் இருப்பது. வருடத்தில் பாதி நாளுக்கு மேல் மணலாகக் கிடக்கும் ஆறு. அந்த மணலைப் பற்றி நான் ஒரு வரிகூட எழுதியிருக்கவில்லை.

தம்பியின் கேள்வி உறைத்த பிறகுதான் ஒன்று புரிந்தது. எழுத்தாளருக்கு ‘நடை’ என்று ஒன்று உண்டு. அதைத் தூக்கிக்கொண்டு வந்தால், கோயில் வாசலில் மாற்றிப் போட்டுக்கொண்டு வந்த செருப்பு மாதிரிதான்; பார்க்க நன்றாக இருக்கும், காலைக் கடிக்கும். ஆனால் அந்த நடை வாய்ப்பதற்கு முன் அவர் எங்கெல்லாம் நடந்தார், எதன் எதிரில் உட்கார்ந்தார், எதைக் குறித்து வைத்தார் என்பது தனிக் கணக்கு. அதை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். எந்தக் காலுக்கும் பொருந்தும்.

அப்படி எடுத்துக்கொள்வதற்கு நான் பழகிய முறை இது. ஆறு படிகள், படிக்கு ஒரு மாதம். எழுத்துக்கும் ஓவியத்துக்கும் பொதுவானது.

தேவையானவை

கோடு போட்ட நோட்டு இரண்டு, சட்டைப்பையில் அடங்கும் குட்டி நோட்டு ஒன்று, பென்சில். நூலக அட்டை. செல்போனில் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தைத் திறக்கத் தெரிந்திருந்தால் போதும். நாட்டுடைமையாக்கப்பட்ட பல நூல்கள் அங்கே இலவசமாகக் கிடைக்கின்றன. ஷிஃப்டுக்குப் போகிறவர்களுக்கு நாளுக்கு அரை மணி நேரம் போதும். விடுமுறை நாள் மட்டும் முழுதாக வேண்டும்.

படி 1: ஒருவரை எடுத்து, ஒரு பக்கத்தைக் கையால் படி எடுங்கள்

பத்துப் பேரை ஒரே சமயத்தில் குருவாக வைத்துக்கொண்டால் பத்துப் பேரின் தும்மலும் நம் எழுத்தில் கேட்கும். ஒருவர் போதும். யாரைப் படித்தால் ‘இதை நான் எழுதியிருக்க வேண்டும்’ என்று பொறாமை வருகிறதோ, அவர். நான் எடுத்துக்கொண்டவர் அசோகமித்திரன். ஜெமினி ஸ்டூடியோவில் 1952 முதல் 1966 வரை வேலை செய்தவர். அங்கே பார்த்த உலகம் ‘கரைந்த நிழல்கள்’ நாவலுக்குள் வந்தபோது, நட்சத்திரங்களின் ஜொலிப்பை விட்டுவிட்டுத் தயாரிப்பு நிர்வாகிகளும் உதவியாளர்களும் படும் பாட்டை எழுதினார். கம்பெனியில் வேலை பார்க்கும் எனக்கு அதுவே முதல் பாடம்: முதலாளியின் காரைப் பார்க்காதே, கேட் பாஸ் எழுதுகிறவரைப் பார்.

படி எடுக்க நான் தேர்ந்தது ‘தண்ணீர்’. ஒரு நாளைக்கு ஒரு பக்கம், பேனாவால். கண் ஓடுகிற வேகத்தில் நழுவிப் போவதெல்லாம் கை ஓடுகிற வேகத்தில் சிக்கும். எழுதி முடித்ததும் இரண்டு எண்ணிக்கை. அந்தப் பக்கத்தில் கையால் தொடக்கூடிய பொருள்கள் எத்தனை? ஏக்கம், சோகம், தவிப்பு போல மனநிலைக்குப் பெயர் வைக்கும் சொற்கள் எத்தனை? அவர் பக்கத்தில் குடமும் வாளியும் பம்பும் மனிதர்களும் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். மனநிலைப் பெயர்கள் ஓரமாக ஒதுங்கியிருந்தன. என் காவிரிக் கதையை எண்ணிப் பார்த்தேன். முதல் பக்கத்தில் மட்டும் ‘ஏக்கம்’ ஐந்து முறை.

படி எடுக்கும்போது நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த நாவலில் சென்னைத் தெரு ஒன்று தண்ணீருக்குத் தவிக்கிறது. நாவல் வந்தது 1970களின் தொடக்கத்தில். அதற்குச் சற்று முன், 1960களின் கடைசியில், ஆரணியாறு, கொசஸ்தலையாறு வடிநிலத்தில் ஆய்வு நடந்து, மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் பக்கங்களில் சென்னைக்காக ஆழ்துளைக் கிணறுகள் போடப்பட்டன. பஞ்செட்டி எங்கள் ஊருக்குப் பக்கம். அவர் குழாயின் அந்த முனையில் வரிசையில் நின்றவர்களை எழுதியிருக்கிறார். இந்த முனையில் இருப்பவன் நான். பக்கத்தைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்த கை அங்கே நின்றுவிட்டது.

*பக்குவம் தெரிவது எப்படி:* படி எடுக்கும் கை நின்று, ‘அவர் இதைச் சொன்னார், நம் பக்கத்தில் என்ன?’ என்ற கேள்வி எழுந்தால் முதல் படி முடிந்தது. எழாவிட்டால் இன்னொரு மாதம் எழுதுங்கள்.

படி 2: குரு உட்கார்ந்த இடத்தைக் கண்டுபிடியுங்கள்

இரண்டாவது மாதம் கதையைப் படிக்க வேண்டாம். கதை பிறந்த விதத்தைப் படியுங்கள். முன்னுரைகள், பேட்டிகள், கடிதங்கள். பலரும் முன்னுரையைத் தாண்டிக் குதித்துவிடுவார்கள். சமையல்கட்டு அங்கேதான் இருக்கிறது.

சில்பி என்ற பெயரில் வரைந்த பி.எம். ஸ்ரீனிவாசன் ஆனந்த விகடனில் ‘தென்னாட்டுச் செல்வங்கள்’ தொடருக்காகக் கோயில் சிற்பங்களை வரைந்தார். அந்தக் கோயிலுக்கே போய், அந்தச் சிலைக்கு எதிரிலேயே உட்கார்ந்து வரைந்தார். பழைய விகடன் பக்கங்களை எடுத்துப் பார்த்தால் உதட்டோரச் சிதைவுகூடத் தெரியும். கையெழுத்து நோட்டைத் தூக்கிக்கொண்டு உட்கார இடம் தேடியவர் அசோகமித்திரன். தியாகராய நகர்ப் பூங்காவே பல கதைகளுக்கு அவருடைய எழுத்து மேசை. கே.எம். ஆதிமூலம் 1969இல், காந்தி நூற்றாண்டை ஒட்டி, ஒரே மனிதரைக் கோட்டோவியமாகத் திரும்பத் திரும்ப வரைந்தார். அலுக்கிற இடத்தில் நிறுத்தாமல், அலுப்பைத் தாண்டிப் போனார்.

இவற்றிலிருந்து ஒரு பட்டியல் எழுதிக்கொண்டேன். எதிரில் உட்கார். இடம் இல்லையென்றால் வெளியே போ. ஒன்றையே திரும்பச் செய். மூன்றிலும் ‘திறமை’ என்ற சொல் இல்லை என்பதைக் கவனியுங்கள். உட்காருவதற்குத் திறமை தேவையில்லை.

பயிற்சி இதுதான்: ஊரில் ஒரு பொருளைத் தேர்ந்து, முப்பது நாள், நாளுக்கு ஒரு பத்தி. நான் ஆற்றுப் பாலத்தின் கைப்பிடியை எடுத்தேன். ஏழாம் நாள் சரக்கு தீர்ந்துவிட்டது. பதினோராம் நாள், கைப்பிடியில் ஓர் இடத்தில் மட்டும் பெயின்ட் தேய்ந்து பளபளப்பதைப் பார்த்தேன். தினமும் ஒரே இடத்தில் சாய்ந்து கம்பெனி பஸ்ஸுக்கு நிற்பவர்களின் முழங்கை தேய்த்தது. முதல் பத்து நாளும் அந்த ஒரு வரிக்குக் கொடுத்த வாடகை.

படி 3: வேலை நடக்கும் இடத்துக்குப் போங்கள்

இந்தப் படிக்கு குரு ராஜம் கிருஷ்ணன். தமிழில் களத்துக்குப் போய் நாவல் எழுதியவர்களில் அவருக்கு நிகராகச் சொல்ல ஆள் குறைவு. நீலகிரியின் படகர்களைப் பற்றிக் ‘குறிஞ்சித் தேன்’, தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களைப் பற்றிக் ‘கரிப்பு மணிகள்’, மீனவர்களைப் பற்றி ‘அலைவாய்க் கரையில்’, தீப்பெட்டித் தொழிலில் சிக்கிய குழந்தைகளைப் பற்றிக் ‘கூட்டுக் குஞ்சுகள்’. ஒவ்வொன்றுக்கும் அந்த மண்ணில் போய்த் தங்கி, பேசி, பார்த்து, பிறகே எழுதினார். பதினைந்து வயதில் திருமணமாகி, கல்லூரிப் படிப்பு இல்லாமல், கணவரின் வேலை மாற்றலோடு ஊர் ஊராகப் போனவர். மாற்றல் உத்தரவு வந்த ஊரையெல்லாம் பாடப் புத்தகமாக்கிக்கொண்டார். அவர் நூல்கள் நாட்டுடைமை ஆனவை. படிக்காததற்குக் காசு இல்லை என்று சாக்குச் சொல்ல முடியாது.

எங்கள் பக்கம் உப்பளம் இல்லை, செங்கல் சூளை உண்டு. மழை ஓய்ந்ததும் தொடங்கி ஆனி வரை நடக்கும். ஒடிசாவிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து கல் அறுப்பார்கள். அவர் முறையை நான் ஐந்து கேள்விகளாகச் சுருக்கி, குட்டி நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொண்டு போனேன்.

வேலையில் முதலில் கையில் எடுக்கும் கருவி எது? எது முதலில் வலிக்கும்? கூலி எந்தக் கணக்கில்? யார் யாரை எப்படிக் கூப்பிடுகிறார்கள்? வேலை முடிந்தது என்று எதை வைத்துத் தெரிந்துகொள்கிறார்கள்?

உப்பளத்தில் இரண்டாவது கேள்விக்குப் பதில் கண்ணும் காலும். வெயிலில் உப்பு கண்ணைப் பறிக்கும், உவர்நீர் பாதத்தைப் புண்ணாக்கும். சூளையில் பதில் இடுப்பு. மூன்றாவது கேள்விக்குப் பதில், ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று. அதிலிருந்து வாங்கிய முன்பணம் கழியும். இந்த ஒரு பதிலே அரை நாவல்.

மூன்று ஒழுங்குகள் உண்டு. முதல் தடவை செல்போனை வெளியே எடுக்காதீர்கள். படம் எடுக்க வந்தவன் என்ற பெயர் வந்தால் பேச்சு நின்றுவிடும். நோட்டில் ஆள் பெயரை எழுதாதீர்கள். நம் கதையால் ஒருவருடைய வேலைக்கு உலை வரக் கூடாது. வெறுங்கையோடு நின்று வேடிக்கை பார்க்காதீர்கள். நான் அடுக்கிய கல் கோணலாகத்தான் இருந்தது. சிரித்தார்கள். அதற்குப் பிறகுதான் பேசினார்கள்.

படி 4: சொல் சேருங்கள்

நான்காவது மாதத்தின் குரு கி. ராஜநாராயணன். இடைசெவலில் இருந்துகொண்டு, நண்பர்களையும் கூட்டுச் சேர்த்து, கரிசல்காட்டுப் பேச்சுச் சொற்களைத் திரட்டி 1982இல் அகராதியாகக் கொண்டுவந்தார். ஒரு கதைசொல்லி ஏன் அகராதி வேலை பார்க்க வேண்டும்? விதை நெல் சேர்த்து வைக்காதவன் அடுத்த போகத்துக்கு யாரிடம் போய் நிற்பான்?

அவரைப் படித்துவிட்டு நானும் கொஞ்ச நாள் ‘கம்மாக்கரை’, ‘வெள்ளாமை’ என்று எழுதித் திரிந்தேன். அது காவிரிக் கதையின் தம்பி. எங்கள் ஊரில் கண்மாய் கிடையாது, ஏரி, தாங்கல். நெல் விளைவது வயலில் அல்ல, கழனியில். தண்ணீர் வழிவது கலுங்கில் அல்ல, கலங்கலில். அப்பாவைப் பெற்றவள் அப்பத்தா அல்ல, ஆயா. ஆந்திர எல்லை பக்கத்திலேயே இருப்பதால் சில வீடுகளில் அப்பா ‘நைனா’. உட்காரச் சொல்ல மாட்டோம், ‘குந்து’ என்போம். கி.ரா. எனக்குக் கொடுத்தது கரிசல் சொற்களை அல்ல, காதை.

நோட்டை மூன்றாகப் பிரியுங்கள். முதல் பகுதியில் நிலம்: கழனி, கொல்லை, மதகு, கலங்கல். இரண்டாம் பகுதியில் தொழில். எங்கள் சிப்காட் பகுதியில் புழங்கும் சொற்களை அகராதிக்காரர்கள் எழுதப் போவதில்லை. நாம்தான் எழுத வேண்டும். ‘ரிலீவர் வரல’ என்ற இரண்டு சொல்லில் ஒருவருடைய தூக்கம், பிள்ளையின் பள்ளிக்கூட விழா, மனைவியின் கோபம் எல்லாம் இருக்கின்றன. மாற்று ஆள் வராததால் அடுத்த எட்டு மணி நேரமும் அவரே நிற்க வேண்டும் என்பது பொருள். மாவட்டத்தின் மேற்குக் கோடியில் பொதட்டூர்பேட்டை, பள்ளிப்பட்டுப் பக்கம் இருப்பவர்கள் பாவு, ஊடை, நாடா, தார் என்று தறிச் சொற்களை எழுதலாம். பழவேற்காட்டில் இருப்பவர்கள் ஏரியில் மீன்பிடிக்கும் முறையைப் பங்கிட்டுக்கொள்ளும் ‘பாடு’ என்ற சொல்லிலிருந்து தொடங்கலாம்.

மூன்றாம் பகுதியில், ஒரு சொல்லை யார், எப்போது, எந்தக் குரலில் சொன்னார் என்று எழுதுங்கள். சூழல் இல்லாத சொல் செத்த மீன்.

படி 5: உயிரோடிருக்கும் ஒரு குருவிடம் இரவு முழுக்க உட்காருங்கள்

இதுவரை புத்தகத்தில் இருந்தவர்கள். இனி எதிரில் வேர்வை சிந்துகிற ஒருவர் வேண்டும்.

தஞ்சை மண்ணின் புஞ்சை கிராமத்துக்காரர் ந. முத்துசாமி. சிறுகதையும் நவீன நாடகமும் எழுதியவர். தெருக்கூத்தைப் பார்த்து அதிர்ந்து போய், புரிசை கண்ணப்பத் தம்பிரானை மாணவரைப் போல அணுகினார். 1977இல் கூத்துப்பட்டறையைத் தொடங்கினார். அங்கே பயின்ற நடிகர்கள் தம்பிரானிடம் கூத்துப் பயிற்சி பெற்றார்கள். பேர் பெற்ற எழுத்தாளர் ஒருவர், கிராமத்துக் கலைஞரிடம் ‘கற்றுக்கொடுங்கள்’ என்று போய் நின்றதுதான் இதில் பாடம். அப்படிக் கற்ற பிறகும் அவர் புரிசைக் கூத்தை நகல் எடுக்கவில்லை. உடம்பையும் குரலையும் பயன்படுத்தும் வித்தையை எடுத்துக்கொண்டு தன் நாடகங்களைப் போட்டார். நடையை விட்டு, நடந்ததை எடுத்தார்.

எங்கள் பகுதியில் திரௌபதி அம்மன் கோயில் அக்னி வசந்த விழா வந்தால் பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து, கடைசியில் துரியோதனன் படுகளம், தீமிதி. போகும்போது இப்படிப் போங்கள்: ஆட்டம் தொடங்குவதற்கு இரண்டு மணி நேரம் முன்னால், வேஷம் கட்டும் இடத்துக்கு. அனுமதி கேட்டு ஓரமாகக் குந்துங்கள். கண்ணாடியைப் பார்த்துத் தானே அரிதாரம் பூசிக்கொள்ளும் மனிதர், எந்தக் கோட்டில் தன்னை விட்டுத் துரியோதனனாகிறார் என்று பாருங்கள். பிறகு கட்டியங்காரனைக் கவனியுங்கள். ராஜா பேசுவதை ஊர்க்காரன் பாஷைக்குக் கொண்டுவந்து, நடுவில் இன்றைய விலைவாசியையும் நுழைத்துவிட்டு, கதை நூலை மட்டும் அறுக்காமல் திரும்புவார். கட்டுரை எழுதுகிறவருக்கு அவரைவிட நல்ல வாத்தியார் இல்லை.

விடியும்வரை இருக்க வேண்டும். ஒரு மணிக்கு எழுந்து வந்துவிட்டால் பாதிப் பாடம் போச்சு. நான்கு மணிக்குத் தூக்கம் கண்ணைச் சுற்றும்போது, எதிரில் தூங்கி விழும் கூட்டத்தைத் தட்டி எழுப்ப அந்தக் கலைஞர் குரலை எங்கே ஏற்றுகிறார், தாளத்தை எங்கே மாற்றுகிறார் என்பது தெரியும். நைட் ஷிஃப்ட் பழகிய உடம்புக்கு இது ஒன்றும் பெரிய காரியமில்லை.

படி 6: ஆற்றோடு போய், எழுதி, புடைத்து எடுங்கள்

கடைசி மாதம் பழைய குருவிடமே திரும்பினேன். தி. ஜானகிராமனும் எழுத்தாளர் சிட்டியும் காவிரியின் போக்கிலேயே பயணம் செய்து 1971இல் ‘நடந்தாய் வாழி, காவேரி’யைக் கொண்டுவந்தார்கள். காவிரி நாட்டில் பிறந்த ஜானகிராமனே அதைப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் எழுதியிருக்கிறார். நான் போகாமலே எழுதியிருந்தேன்.

இந்த முறை அவர் வர்ணனையைத் தொடவில்லை. பயணத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன். நான்கு வார விடுமுறை நாள்களில் ஆரணியாற்றைத் துண்டு துண்டாகப் பார்த்தேன். ஆந்திரத்துப் பிச்சாட்டூர் அணை. சிவன் சயனக் கோலத்தில் இருக்கும் சுருட்டப்பள்ளி. ஊத்துக்கோட்டை. ஆடி மாதம் வேப்பிலை உடுத்தி வேண்டுதல் செலுத்தும் பெரியபாளையம். எங்கள் ஊர். பொன்னேரிப் பக்கம் லட்சுமிபுரம் அணைக்கட்டு. கடைசியில் பழவேற்காடு, டச்சுக்காரர்கள் 1613இல் கோட்டை கட்டிய இடம். ஐப்பசி கார்த்திகையில் பிச்சாட்டூரில் மதகைத் திறந்தால் சீறி வரும் இதே ஆறு, நான் போனபோது பல இடங்களில் மாடு மேயும் மணலாக இருந்தது.

பஞ்செட்டிப் பக்கம் ஒரு கழனியில் தூர்ந்துபோன கிணறு ஒன்றைப் பார்த்தேன். உள்சுவரில் கமலைக் கயிறு தேய்த்த தடம். பக்கத்தில் குந்தியிருந்த பெரியவரிடம் ஐந்து கேள்விகளையும் கேட்டேன். நோட்டில் ஒரு பக்கம் நிறைந்தது.

எழுதும் முறை இது. பார்த்த அன்றே, நோட்டை மூடி வைத்துவிட்டு, நினைவிலிருந்து ஒரே மூச்சில் எழுதுங்கள். ஒரு வாரம் தொடாதீர்கள். பிறகு சிவப்பு மையை எடுத்துக்கொண்டு மூன்று தடவை புடைக்க வேண்டும். முதல் தடவை, மனநிலைக்குப் பெயர் வைக்கும் சொற்களை அடித்துவிட்டு, அந்த இடத்தில் கையால் தொடக்கூடிய பொருள் ஒன்றை வையுங்கள். இரண்டாவது தடவை, ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் ‘இது யார் குரல்?’ என்று எழுதுங்கள். குருவின் குரல் கேட்டால், வரி எவ்வளவு அழகாக இருந்தாலும் வெட்டுங்கள். வலிக்கும், அழகான வரிகள்தான் பெரும்பாலும் அவர்களுடையவை. மூன்றாவது தடவை வாய்விட்டுப் படியுங்கள். உங்கள் ஆயாவுக்குப் படித்துக் காட்டக் கூச்சப்படும் சொல் எதுவோ, அது இரவல்.

அடிக்கடி நேரும் பிழைகள்

படி எடுப்பதிலேயே சுகம் கண்டு ஒரு வருடம் கழிப்பது ஒன்று. சமையல் குறிப்பைப் படித்தே பசியாற முடியாது. களத்துக்கு ஒரு தடவை போய்விட்டு அந்த மக்களின் பிரதிநிதியாகப் பேசத் தொடங்குவது இன்னொன்று. குருவின் பழக்கங்களை விட்டுவிட்டு வழக்கங்களைப் பிடித்துக்கொள்வது மூன்றாவது: அவர் பார்க்கில் எழுதினார் என்று, வீட்டில் மேசை சும்மா இருக்க, நாமும் பார்க்குக்குப் போய்ப் படம் எடுத்துப் போடுவது.

ஆறு மாதம் முடிந்து, கிணற்றைப் பற்றி எழுதியது நான்கு பக்கம் வந்தது. அதே தம்பியிடம் கொடுத்தேன். இந்தத் தடவை கம்பெனி பஸ்ஸில் அல்ல, எங்கள் வீட்டு வாசலில். படித்து முடித்தவர் நன்றாயிருக்கிறது என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. தாளை மடித்துக் கொடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் ரோட்டைப் பார்த்தார்.

“அந்தக் கெணறு எந்தப் பக்கம்ணா கீது? ஞாயித்துக்கெழம போயி பாக்கலாமா?”

“நல்ல செருப்பா போட்டுக்கினு வா. கழனில முள்ளு ஜாஸ்தி” என்றேன்.